தாத்தா விட்டுப்போன கைத்துப்பாக்கி: ஏலம், வியாபாரி, மதிப்பீட்டாளர் – யாரிடம் போகலாம்?

2019 ஜூன் மாதம் பாரிஸில் ஒரு பழைய ரிவால்வர் ஏலத்துக்கு வந்தது. 7 மி.மீ. லெஃபோஷோ வகை (தோட்டாவின் பக்கவாட்டில் நீட்டும் ஊசியை அடித்துச் சுடும் பழைய பிரெஞ்சு வடிவமைப்பு), துரு தின்று உருக்குலைந்தது. ஓவியர் வான் கோவின் கடைசி நாட்களோடு தொடர்புடையது என்று கருதப்படும் துப்பாக்கி அது. 1,30,000 யூரோவுக்கு ஏலம் விழுந்தது. வாங்கியவர் கட்டியதோ 1,62,500. நடுவில் இருக்கும் 32,500 யூரோ, வாங்குபவரிடமிருந்து பிடிக்கப்படும் ஏலக் கட்டணம். அதே வகைத் துப்பாக்கி, அதே நிலையில், கதையும் காகிதமும் இல்லாமல் வந்திருந்தால் எந்தப் பெரிய ஏல நிறுவனமும் தனியாக எண் போட்டு விற்றிருக்காது. வேறு நாலைந்து சாமான்களோடு ஒரே கட்டாகக் கட்டித் தள்ளியிருக்கும்.

பரம்பரையாக வந்த பழங்காலக் கைத்துப்பாக்கியை விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு தொகைகளைத்தான். விற்கப்படுவது இரும்பு மட்டும் இல்லை, அதோடு சேர்ந்த சான்றும்தான் என்பது ஒன்று. இடையில் நிற்பவரின் பங்கு சிறியதில்லை என்பது இன்னொன்று. இந்தத் துறையில் காசு வாங்கிக்கொண்டு கிடைக்கும் சேவைகள் ஐந்து: தயாரிப்பாளரின் ஆவணக் கடிதம், கட்டண மதிப்பீடு, ரொக்கத்துக்கு எடுக்கும் வியாபாரி, விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுக்கும் கடை, ஏல நிறுவனம். ஐந்தும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பலர் மூன்றாவதில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பணம் போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

எந்தக் கடைக்கும் போகுமுன்

உள்ளே மருந்து கெட்டித்தபடியே வீட்டுச் சுவரில் நூறாண்டு தொங்கிய துப்பாக்கிகள் இன்றும் வெளியே வருகின்றன. கருமருந்து காய்ந்த நிலையில் இருந்தால் வயதானதால் செத்துப்போகாது. வாய்வழியாகக் கெட்டிக்கும் வகை என்றால், மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் மெதுவாக, அது முட்டி நிற்கும்வரை விடுங்கள். வாய் விளிம்பில் பென்சிலால் குறியிட்டு வெளியே எடுத்து, அந்தக் குறி வாய் விளிம்போடு பொருந்தும்படி குழலின் வெளிப்பக்கமாக வைத்துப் பாருங்கள். குச்சியின் முனை பற்றவைக்கும் துளைக்கோ நிப்பிளின் (வெடிமூடி மாட்டும் சிறு குமிழின்) அடிக்கோ வந்து சேர வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே குண்டும் மருந்தும் இருக்கின்றன என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்குஷன் ரிவால்வரில், அதாவது அந்த வெடிமூடியை ஹாமர் (சுத்தி) அடித்துப் பற்றவைக்கும் வகையில், சிலிண்டரின் முன்பக்க அறைகளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே ஈயக் குண்டு தெரியும். லெஃபோஷோ வகையில் தோட்டா இருந்தால் அதன் ஊசி சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

மருந்து இருப்பது தெரிந்தால் குத்தி எடுக்கவும் கூடாது, சுட்டுக் காலிசெய்யவும் கூடாது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர் சொன்ன முறையில் கொண்டுபோங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு கடைக்குள் நுழைவது உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் ஆபத்து.

அடுத்தது சட்டம். "பழங்காலம்" என்பதற்கு நாட்டுக்கு நாடு வரையறை வேறு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898-ம் ஆண்டோ அதற்கு முன்போ தயாரானது பழம்பொருள். அதிலும் கணக்குக்கு வருவது ஃபிரேம் (துப்பாக்கியின் நடு உடல்) எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதே. ஜெர்மனியில் 1871-க்கு முந்தைய வடிவமைப்பில் வந்த ஒற்றைக் குண்டு பெர்குஷன் துப்பாக்கிக்குச் சலுகை உண்டு. பல குண்டு ரிவால்வருக்கு அது கிடையாது. இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழைய பாணி ஆயுதத்துக்கும் தொல்மதிப்புள்ள ஆயுதத்துக்கும் விலக்கு தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. நன்றாக வேலை செய்யும் சக்கிமுக்கித் துப்பாக்கி, வயதை மட்டும் காட்டி அங்கே தப்ப முடியாது.

பிரிட்டனில் நடந்தது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. அங்கே தயாரான ஆண்டோடு தோட்டாவின் அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2021 மார்ச் 22 அன்று அமலுக்கு வந்த விதிமுறைகள், .41 கோல்ட், .442 ரிவால்வர், .44 ஸ்மித் அண்ட் வெஸன் ரஷ்யன், .320 பிரிட்டிஷ் உட்பட ஏழு தோட்டா அளவுகளைப் "வழக்கொழிந்தவை" பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. முந்தின நாள்வரை உரிமம் இல்லாமல் அலமாரியில் வைக்க முடிந்த பொருள், மறுநாள் உரிமம் வேண்டும் பொருளாயிற்று. வாங்கும் கூட்டம் சுருங்கினால் விலை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே "எந்தக் காலத்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். "எந்தத் தோட்டாவைப் போட்டுச் சுடுவது?" என்பதையும் கேளுங்கள்.

வெளிநாட்டில் நல்ல விலை போகிறதே என்று கணக்குப் போடுபவர்கள் ஏற்றுமதித் தடையை முதலில் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த இத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அங்கே இருக்கும் உரிமையாளருக்கு லண்டன் ஏல விலை வெறும் செய்திதான். பிடியில் தந்தம் இருந்தால் இன்னொரு பூட்டு. பிரிட்டனின் 2018-ம் ஆண்டுத் தந்தச் சட்டம், 1947-க்கு முந்தைய பொருளில் தந்தம் பத்து சதவீதத்துக்கும் குறைவான கனஅளவு இருந்தால் பதிவுசெய்து விற்க அனுமதிக்கிறது. அமெரிக்க விதியில் 200 கிராம் என்ற எடைக் கணக்கு. இதைக் கேள்விப்பட்டதும் சிலர் தந்தப் பிடியைக் கழற்றிவிட்டு மரப்பிடி மாட்டுகிறார்கள். விற்க வசதிதான், ஆனால் மூலப்பிடி போனதும் பொருளின் தரம் ஒரு படி இறங்கிவிடும். கழற்றுமுன் அளந்து பாருங்கள். மெல்லிய பிடித்தகடுகள் பல நேரம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

உரிமம் சம்பந்தமாகக் காவல்துறையிடம் கேட்பதை எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். "ஒப்படைப்பு" என்று எழுதிய படிவத்தில் கையெழுத்திட்டால் அது பாதுகாப்புக்காக வைப்பதா, அழிப்பதற்காகக் கொடுப்பதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். "சுட முடியாதபடி செய்துவிட்டால் தொல்லையில்லை" என்று யாராவது யோசனை சொன்னால், மதிப்பீடு முடியும்வரை காத்திருங்கள். குழலில் துளை போட்டு வெல்டிங் செய்து அடைத்தபின் அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

துடைப்பதில்தான் விலை போகிறது

சேகரிப்பாளர்களும் வியாபாரிகளும் பரவலாகப் பயன்படுத்துவது அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கத்தின் தர வரிசை. பழம்பொருளுக்கான வரையறையில், எல்லா உறுப்பும் மூலமாக இருந்து, ஆதிப் பூச்சு 80 சதவீதத்துக்கு மேல் நின்றால் 'எக்ஸலன்ட்'. 30 சதவீதத்துக்கு மேல் நின்றால் 'ஃபைன்'. பூச்சு ஒன்றுமே இல்லாவிட்டாலும் உறுப்புகள் மூலமாக இருந்து எழுத்துகள் தெளிவாக இருந்தால் 'வெரி குட்'. அதற்கும் கீழே வருகிற 'குட்' தரத்தின் வரையறையிலேயே "சுத்தம் செய்யப்பட்டது அல்லது மறுபடி நீலப்பூச்சு ஏற்றப்பட்டது" என்ற சொற்கள் இருக்கின்றன. அதாவது மணல்தாளும் பித்தளை பாலிஷும் எடுத்துக்கொண்டு உட்காரும் ஒரு மதியம், 'ஃபைன்' தரத்தில் இருந்ததை இரண்டு படி கீழே இறக்கிவிடும். பளபளப்பு வந்துவிட்டது என்று வீட்டில் மகிழ்ச்சி. வாங்க வருபவர் முகத்தில்தான் அது இருக்காது.

பழுப்பேறிய நிறம் எல்லாம் அரிக்கிற துரு இல்லை. விரலில் ஒட்டுகிற செந்தூள்தான் இன்னும் அரிக்கிற துரு. அதற்கு மெல்லிய துப்பாக்கி எண்ணெய் தொட்ட பருத்தித் துணி போதும். பிறகு ரினைசன்ஸ் மெழுகு போன்ற நுண்படிக மெழுகு ஒரு பூச்சு. டபிள்யூடி-40 வேண்டாம், நாளடைவில் பிசினாகி உள்ளே இயங்கும் பாகங்களைப் பிடித்துக்கொள்ளும். திருகுகளைக் கையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவரால் திருப்பாதீர்கள். பழைய திருகின் பள்ளம் மெல்லியது, பக்கச்சுவர் நேரானது. ஆப்பு வடிவ முனை போட்டால் விளிம்பு பிய்ந்துவிடும். பிய்ந்த திருகைப் பார்த்தவுடனேயே வாங்க வருபவர், "உள்ளே என்னென்ன மாற்றினார்களோ" என்று சந்தேகப்படத் தொடங்குவார். வெறுமனே டிரிகரை இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். பெர்குஷன் வகையில் ஹாமர் நேராக நிப்பிளில் அடித்து அதன் தலையை நசுக்கும். சக்கிமுக்கி வகையில் நூறாண்டு கடந்த வில்லுக்கு அந்த ஒரு அடியே போதும், உடைந்துவிடலாம்.

ஆவணக் கடிதம்: கொடுத்த காசுக்குக் கூடுதல் பலன், எல்லோருக்கும் இல்லை

அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளரான கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவும், இன்னொரு தயாரிப்பாளரான ஸ்மித் அண்ட் வெஸன் வரலாற்று அறக்கட்டளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு, வரிசை எண்ணை வைத்துப் பழைய ஏடுகளில் தேடி ஒரு கடிதம் தருகின்றன. எந்த நாளில், யாருக்கு அனுப்பப்பட்டது, குழல் நீளம் என்ன, நீலப்பூச்சா நிக்கலா, பிடி என்ன பொருள், அந்த அனுப்புகையில் எத்தனை துப்பாக்கிகள் என்ற விவரங்கள் அதில் வரும். கோல்ட் 1873 சிங்கிள் ஆக்‌ஷன் போன்றவற்றில் இந்தக் கடிதம் இல்லாமல் விற்பது அவசரம். ஊர்பேர் தெரிந்த ஒரு கடைக்கோ ராணுவப் பிரிவுக்கோ போனது என்று வந்தால் விலை வேறு தளத்துக்குப் போய்விடும்.

இரண்டு குறைகள். பெர்குஷன் காலத்துக் கோல்ட்டுகளுக்கு எஞ்சியிருக்கும் ஏடுகள் மிகக் குறைவு. பல எண்களுக்குக் கடிதமே கிடைக்காது. பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் சிறு பட்டறைகளில் உருவானவற்றுக்கு அப்படி ஓர் ஏடே இருந்திருக்காது. இன்னொன்று, கடிதம் எதிராகவும் பேசும். அது நிக்கல், நாலே முக்கால் அங்குலம் என்று சொல்ல, கையில் இருப்பது நீலப்பூச்சு, ஏழரை அங்குலம் என்றால் யாரோ நடுவில் மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதைக் கேட்டு வருந்த வேண்டாம். ஏல மேடையில் வெளிவருவதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது மேல்.

ஏடு இல்லாத துப்பாக்கிக்கு அதன் மேலே குத்தியிருக்கும் முத்திரைகளே சாட்சி. நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற மூன்று எழுத்து இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் சோதனைச்சாலை (துப்பாக்கி வெடிப்பைத் தாங்குமா என்று சோதித்து முத்திரை குத்தும் இடம்). அதன் மேல் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பின். முடிசூடிய குறுக்குச் செங்கோல்கள் பர்மிங்ஹாமைச் சொல்லும். அந்தச் சோதனைச்சாலை தொடங்கியது 1813-ல். நட்சத்திரத்தின் கீழ் பி.என். என்று இருந்தால் இத்தாலியில் 20-ம் நூற்றாண்டிலோ அதற்குப் பின்போ செய்த நகல். கருமருந்துக்குச் சோதித்தது என்பதற்கான குறி அது. பூட்டுத்தகட்டில் (சுடும் பொறியைத் தாங்கும் பக்கத்தகட்டில்) கிரீடமும் "டவர்" என்ற சொல்லும் இருப்பதைப் பார்த்ததும் பிரிட்டிஷ் ராணுவம் என்று முடிவு கட்டாதீர்கள். பயணிகளுக்கு விற்கப் பட்டறைகள் அடித்துத் தள்ளிய நகல்களிலும் அதுதான் இருக்கும். எழுத்து கோணலாக, சொல் பிழையாக, விக்டோரியா அரசியின் வி.ஆர். முத்திரையோடு 1901-க்குப் பிந்தைய ஆண்டு குத்தியிருந்தால், கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகள் செய்த நகல். அலங்கார நகல்களைக் கண்டுபிடிக்க ஒரு காந்தமே போதும்: துத்தநாகக் கலவை வார்ப்பு காந்தத்தில் ஒட்டாது. பித்தளைக் குழலும் ஒட்டாது என்பதால் குழலை விட்டுவிட்டு பூட்டுத்தகட்டிலும் ஹாமரிலும் வைத்துப் பாருங்கள்.

கட்டண மதிப்பீட்டாளர்: யாரைத் தேர்வது

நல்ல மதிப்பீட்டாளரை அடையாளம் காண ஒரே கேள்வி போதும்: கட்டணம் எப்படி? மணிக்கணக்கிலோ ஒரு பொருளுக்கு இவ்வளவு என்றோ சொன்னால் மேலே பேசலாம். பொருளின் விலையில் இத்தனை சதவீதம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். விலையை ஏற்றிச் சொன்னால் அவருக்கு லாபம் என்ற நிலையில் அவர் சொல்லும் விலைக்கு என்ன பொருள்? மதிப்பீட்டை முடித்தபின் "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்பவரும் அதே கணக்கில்தான் வருவார், எதிர்த்திசையில்.

எந்த மதிப்பு வேண்டும் என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும். காப்பீட்டுக்கான மதிப்பு கடையில் மறுபடி வாங்க ஆகும் செலவு. அது எப்போதும் மேலே நிற்கும். சொத்துப் பங்கீட்டுக்கும் வரிக்கும் வேண்டியது சந்தை மதிப்பு, அதுவும் பல நாடுகளில் இறந்த தேதியன்று என்ன மதிப்போ அது. காப்பீட்டுச் சான்றை வைத்துக்கொண்டு அந்த விலைக்கு விற்க முயன்று ஏமாந்தவர்கள் ஏராளம். அருங்காட்சியகங்கள் பொருளை இன்னதென்று சொல்ல உதவலாம், விலை சொல்லமாட்டார்கள். அங்கே போய் விலை கேட்க வேண்டாம்.

மதிப்பீட்டாளர் எப்படி வேலை செய்கிறார் என்பதைக் கோல்ட் 1851 நேவி ஒன்றை அவர் கையில் கொடுத்தாலே தெரிந்துவிடும். எண்கோணக் குழல், ஏழரை அங்குலம், .36 அளவு, ஆறு அறைகள். முதலில் வரிசை எண்ணைத் தேடுவார்: ஃபிரேம், குழலின் அடிப்பகுதி, டிரிகர் வளையம், பிடியின் அடிப்பட்டை, சிலிண்டர், பிறகு குழலைப் பிணைக்கும் ஆப்பு. ஆப்பு சின்னது, கழன்று தொலைவது; அதில் மட்டும் எண் மாறினால் பெரிய குறை இல்லை. சிலிண்டரில் மாறினால் குறை. குழலில் மாறினால் இரண்டு துப்பாக்கிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். அடுத்து சிலிண்டரைச் சாய்ந்த வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றுவார். அதைச் சுற்றி 1843-ம் ஆண்டு டெக்சாஸ் கடற்படைச் சண்டை உருளை அச்சால் பதிக்கப்பட்டிருக்கும். பதிவு மேலோட்டமானது, எனவே தேய்மானத்தில் முதலில் மறைவது அதுதான். பாய்மரக் கயிறுகள் கூராகத் தெரிகின்றன, ஆனால் சிலிண்டர் விளிம்புகளும் நிப்பிள்களும் மழுங்கியிருக்கின்றன என்றால் காட்சி பிற்காலத்தில் வெட்டப்பட்டது. இதையெல்லாம் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து விலை சொல்பவருக்குக் கட்டணம் கொடுப்பதில் பயனில்லை.

சக்கிமுக்கி வகையில் பார்க்க வேண்டியது வேறு. 1830, 40-களில் பலவற்றைப் பெர்குஷனுக்கு மாற்றினார்கள். அந்த மாற்றமும் வரலாறுதான், அதனால் பெரிய நஷ்டம் இல்லை. பிற்காலத்தில் விலைக்காக அதைத் திருப்பிச் சக்கிமுக்கியாக்கியதுதான் தொல்லை. பூட்டுத்தகட்டில் அடைக்கப்பட்ட பழைய துளைகள், குழலின் பக்கத்தில் நிரப்பிய தடம், மற்ற உறுப்புகளோடு நிறம் ஒத்துப்போகாத மருந்துக் கிண்ணம் – இவை காட்டிக்கொடுக்கும்.

ரொக்க வியாபாரி, கமிஷன் கடை, இணையம்

வியாபாரி வேகம் தருகிறார். அதற்கு விலை உண்டு. தன் கடையில் வைத்து விற்கும் விலையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை கொடுத்தால் அது நியாயமான வியாபாரம்தான். அவருக்கு முதல் முடங்குகிறது, வாங்குபவர் வர ஆண்டு பிடிக்கலாம், பொருள் நகல் என்று பிறகு தெரிந்தால் நஷ்டமும் அவருக்கே. சாதாரணத் தரம், பெயரில்லாத பெல்ஜியப் பாக்கெட் ரிவால்வர், பிடி உடைந்தது, எண் மாறியது போன்றவற்றை இவரிடமே கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். ஏலத்துக்குக் கொண்டுபோனால் படச் செலவும் காப்பீடும் போக ஒன்றும் மிஞ்சாது. மூன்று பேரிடமாவது, ஒரே நாளில் எடுத்த ஒரே படங்களைக் காட்டிக் கேளுங்கள். "இன்று மட்டும் இந்த விலை" என்பவரை விட்டுவிடுங்கள். நூற்றைம்பது ஆண்டு இருந்த பொருள், நாளையும் இருக்கும்.

ஜோடியாக வந்தால் ஒன்றை மட்டும் விற்காதீர்கள். ஜோடியின் விலை ஒன்றின் விலையைப் போல இரு மடங்குக்கு மேல் போகும். பிரித்த ஜோடி பெரும்பாலும் மறுபடி சேராது. பெட்டி, மருந்துக் குடுக்கை, குண்டு வார்க்கும் அச்சு, நிப்பிள் சாவி, எண்ணெய்ப் புட்டி, மூடியின் உள்பக்கம் ஒட்டிய தயாரிப்பாளர் சீட்டு எல்லாம் சேர்ந்ததுதான் பொருள். துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு "பெட்டி உங்களிடமே இருக்கட்டும்" என்று சொல்லும் வியாபாரி இல்லை; "பெட்டியையும் சும்மா கொடுத்துவிடுங்கள்" என்பவர் உண்டு.

கமிஷன் கடையில் பணம் கூடுதலாகக் கிடைக்கும், காலம் பிடிக்கும். ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: பொருள் கடையில் இருக்கும்வரை யார் காப்பீடு, எத்தனை மாதத்தில் விற்காவிட்டால் திருப்பித் தருவார், உங்களைக் கேட்காமல் எவ்வளவு குறைக்கலாம். நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடையே திவாலானால் பொருள் உங்களுடையது என்பதைக் காட்டும் வாசகம். இது இல்லாமல் கடன்காரர்கள் கடைச்சரக்கோடு சேர்த்து எடுத்துப்போனால் மீட்பது நீண்ட வழக்கு.

பொது இணைய விற்பனைத் தளங்களில் பலவும் துப்பாக்கிகளை அறவே அனுமதிப்பதில்லை. இதற்கென்றே உள்ள தளங்கள் வேறு. அனுபவமில்லாத விற்பனையாளருக்கு அவற்றையும் பரிந்துரைக்க மாட்டோம். விவரிப்பில் ஒரு சொல் தவறினால் பொருள் திரும்பி வரும், அதுவும் சில நேரம் திருகு பிய்ந்த நிலையில்.

ஏல நிறுவனம்: பெரிய பொருளுக்கு இதுதான், ஒப்பந்தத்தைப் படித்தால்

கணக்கை நேராகப் போட்டுவிடலாம். ஏலக்காரர் மூன்று முறை கூவி முடித்த விலை 100 என்று வைத்துக்கொள்வோம். பெரிய நிறுவனங்களில் வாங்குபவர் கட்டணம் பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம். 25 என்றால் அவர் கட்டுவது 125. விற்பவரிடம் 15 கமிஷன், படமும் காப்பீடும் 2 என்றால் உங்கள் கைக்கு வருவது 83. வாங்குபவர் எடுத்துவைத்த 125-ல் 42 நடுவில் போய்விட்டது, மூன்றில் ஒரு பங்கு. இது அநியாயம் என்று தோன்றினால், அதே பொருளுக்கு வியாபாரி 60, 70 கொடுத்திருப்பார் என்பதையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் "சாதனை விலை" எப்போதும் 125-ஐத்தான் சொல்லும். உங்கள் பொருளை அதனோடு ஒப்பிட்டு எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்ளாதீர்கள்.

விற்பவர் கமிஷன் பேரத்துக்கு உட்பட்டது. அட்டையில் அச்சிட்ட விகிதம் கேட்காதவர்களுக்கானது. பொருள் உயர்ந்தது என்றால் கமிஷனே இல்லாமலும் எடுப்பார்கள். வாங்குபவர் கட்டணமே அவர்களுக்குப் போதும். அடிவிலையை (அதற்குக் கீழே விற்கக் கூடாது என்று நீங்கள் வைக்கும் விலையை)ப் பற்றிப் பேசும்போது மட்டும் பேராசை வேண்டாம். அடிவிலை எட்டாமல் திரும்பிய பொருள் பட்டியலில் "விற்கவில்லை" என்று பதிவாகிவிடும். அந்தப் பட்டியலை எல்லா வியாபாரியும் பார்க்கிறார். அடுத்த ஆண்டு அதே பொருளைக் கொண்டுவந்தால் "அன்றைக்கு ஏன் போகவில்லை?" என்பதுதான் முதல் கேள்வி. போதாக்குறைக்கு, விற்காத பொருளுக்கும் சில நிறுவனங்கள் கட்டணம் வாங்கும். மதிப்பீட்டு வரம்பின் கீழ்முனையைத் தாண்டாத அடிவிலை வையுங்கள். குறைந்த மதிப்பீடு கூட்டத்தைக் கூட்டும், இரண்டு பேர் விடாமல் கேட்டால் விலை தானே ஏறும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. விற்ற எத்தனை நாளில் பணம் வரும்? வாங்கியவர் பணம் கட்டாமல் போனால் என்ன? போலி என்று பிறகு நிரூபணமானால் எத்தனை ஆண்டுவரை பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்? பொருளை நீங்கள் திரும்ப எடுத்தால் அபராதம் எவ்வளவு? எந்த விற்பனையில் வைப்பார்கள் என்பதும் முக்கியம். வீட்டுச் சாமான்களோடு மாத ஏலத்தில் போடுவதற்கும் ஆயுதங்களுக்கென்றே நடக்கும் ஏலத்தில் போடுவதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. பொது ஏலக்காரர் அருகில் இருக்கிறார் என்பதற்காகக் கொடுத்தால், அங்கே வந்து மலிவாக எடுப்பவர் அதே துப்பாக்கியைச் சிறப்பு ஏலத்தில் வைத்து மிச்சத்தைச் சம்பாதிப்பார்.

படம் அனுப்பிக் கருத்துக் கேட்பது பெரும்பாலும் இலவசம். இரு பக்கமும், மேலிருந்தும், வரிசை எண் ஒவ்வொன்றும், முத்திரைகள், குழல் வாய், பிடியின் அடி – பக்கத்தில் ஓர் அளவுகோலோடு. ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். எழுத்து தெரியவில்லை என்று சுரண்டாதீர்கள்.

குடும்பக் கதையை எப்படிக் கொடுப்பது என்பதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். "கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தளபதி பரிசாகக் கொடுத்தது" என்று வாயால் சொல்வது பட்டியலில் ஏறாது. மூத்தவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே, வரிசை எண்ணைக் குறிப்பிட்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை ஆண்டுகளோடு எழுதி, உறுதிமொழிப் பத்திரமாகக் கையெழுத்து வாங்குங்கள். எண் இல்லாத கதை எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும், அதனால்தான் அதற்கு மதிப்பில்லை. பழைய புகைப்படம், கடிதம், பணிச்சான்று, போரிலிருந்து கொண்டுவர அனுமதித்த சீட்டு இருந்தால் மூலத்தைச் சேர்த்துக் கொடுங்கள். பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் இன்னொரு கவிஞரான ரம்போவைச் சுட்ட ரிவால்வர் 2016-ல் பாரிஸில் 4,34,500 யூரோவுக்குப் போனது. வகை அதே 7 மி.மீ. லெஃபோஷோதான்.

வாரிசு பலர் என்றால் எல்லோர் கையெழுத்தும் உள்ள சம்மதக் கடிதத்தை ஏல நிறுவனம் கேட்கும், கேட்காவிட்டாலும் எழுதி வையுங்கள். ஒருவர் வைத்துக்கொள்ள விரும்பினால் மதிப்பீட்டாளரின் சந்தை மதிப்பிலிருந்து விற்பனைச் செலவைக் கழித்து மற்றவர்களுக்குப் பங்கு கொடுப்பது நியாயம். 125-ஐயோ 100-ஐயோ வைத்துப் பங்கு போட்டால் வைத்துக்கொள்பவர் தலையில் கட்டுவதாகும்.

விற்காமல் வைப்பதென்றால்

ஆவணக் கடிதமும் மதிப்பீடும் வந்தபின், 'வெரி குட்' தரம், சாதாரண வகை, குடும்பக் கதை மட்டும் வலுவானது என்ற முடிவு வந்தால் விற்பதில் பொருளில்லை. சந்தை அந்தக் கதைக்குக் காசு தராது, பிரிந்தால் கதையும் போய்விடும். உயர்தரப் பொருள், பராமரிக்க ஆளில்லை, சட்டம் இறுகுகிற நாடு என்றால் தள்ளிப்போடாமல் விற்றுவிடுங்கள்.

வைப்பவர்கள் தோல் உறையிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். தோல் பதனிட்ட அமிலமும் ஈரமும் சேர்ந்து பித்தளையில் பச்சைக் களிம்பையும் இரும்பில் குழிகளையும் உண்டாக்கும். உறை தனி, துப்பாக்கி தனி, இரண்டையும் இணைக்கும் சீட்டு ஒன்று. ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் நிற்கட்டும். அதற்கும் கீழே போனால் மரப்பிடி வெடிக்கும். ஹாமர் முழுதாக இறங்கிய நிலையில், பூட்டிய பெட்டியில், அமிலமில்லாத தாளில் சுற்றி வையுங்கள். ஸ்பாஞ்சு பெட்டி வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி உலோகத்தின் மேலேயே பிடித்துவைக்கும். கையுறை போட்டு எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெழுகைப் பாருங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நிறம் மாறியதும் சூடுபடுத்தி உலர்த்திவிட்டுத் திரும்பப் போடலாம்.